அந்தப் பாட்டை எழுதியது யார்?

பிரான்சுவாஸ் அர்தி இறந்து ஓராண்டு ஆகிவிட்டது. 2024 ஜூன் 11-ஆம் தேதி அவருடைய மகன் தோமா அம்மா போய்விட்டதாக ஒரே வரியில் உலகத்துக்குச் சொன்னார். அன்று இரவு நான் பழைய பெட்டியிலிருந்து இசைத்தட்டுகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கேட்டாள், "யாரோ ஒரு பிரெஞ்சுக்காரப் பாட்டிக்கு உங்களுக்கு இவ்வளவு துக்கமாப்பா?" என்று. அப்போது பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலோடு ஒரு சண்டையும் சேர்ந்து ஓராண்டாக மனதில் கிடக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன்.

நம் பத்திரிகைகளில் சிலர் அவர் பெயரை 'ஹார்டி' என்று எழுதினார்கள். பிரெஞ்சில் அந்த ஹெச் வாயே திறக்காது. அர்தி என்றுதான் சொல்ல வேண்டும். அது சின்னக் குறை, போகட்டும். என் கோபம் வேறு.

இரங்கல் குறிப்புகளை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தேடித் தேடிப் படித்தேன். எதை எடுத்தாலும் அதே வரிசை. உயரமான, மெலிந்த பெண். நெற்றியில் விழும் முடி. 1968-இல் பாக்கோ ரபான் செய்துகொடுத்த தங்கத் தகட்டு உடை. பாப் டிலன் 1964-ஆம் ஆண்டு இசைத்தட்டின் பின்னட்டையில் அவரை நினைத்து ஒரு கவிதை எழுதினார். மிக் ஜாகர் அவரைத் தன் லட்சியப் பெண் என்றார். ழாக் துத்ரோன் என்ற பாடகரைக் கட்டிக்கொண்டார். அறுபதுகளின் அழகுச் சின்னம். இவ்வளவும் சொல்லிவிட்டு, இடம் மிச்சமிருந்தால், 'தன் பாடல்களில் பலவற்றைத் தானே எழுதவும் செய்தார்' என்று ஒரு வாக்கியம்.

எழுதவும் செய்தாராம்! சமையல்காரரைப் பற்றி எழுதும்போது அவர் கட்டியிருந்த வேட்டியின் கரையைப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, கடைசியில் 'சமைக்கவும் செய்தார்' என்று முடித்தால் எப்படி இருக்கும்?

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் சினிமாப் பாட்டில் சொல் ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது, திரையில் வாயசைப்பது நான்காமவர். 1962-இல் வானொலியைத் திருப்பினால் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி மெட்டமைத்து, சுசீலா பாடிய பாட்டு வரும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவற்றைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் ஒரு பெண்ணின் ஏக்கத்தை எழுதியது பெரும்பாலும் ஓர் ஆண். பிரெஞ்சுக்காரர்கள் எழுதி, மெட்டமைத்து, பாடவும் செய்கிறவரை 'ஒத்தேர்-கோம்போசித்தேர்-ஏந்தெர்ப்ரேத்' என்பார்கள். மூன்று வேலைக்கும் சேர்த்து ஒரு பட்டம். பதினெட்டு வயதில் அந்தப் பட்டத்துக்கு உரியவராக வந்து நின்றவர் அர்தி.

எனக்கு அவர் அறிமுகமான கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். பெரியம்மா வீட்டில் எழுதிக்கொடுத்தார்கள். என் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. அதனால் பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், பிரான்சு போய் சொல்தா ஆனார். நான் லிசேயில் பிரெஞ்சில் படித்துவிட்டு, பின்னால் ஆங்கிலத்தில் நடக்கும் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி. ஆனேன். அண்ணன் 1965-இல் விடுமுறைக்கு வந்தபோது பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்ட் பிளேயரும் ஏழெட்டுத் தட்டுகளும் கொண்டுவந்தார். அதில் ஒன்று அர்தியின் முதல் தட்டு. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு.

எனக்குச் சிறு வயதிலிருந்தே அச்சில் இருப்பது எதுவானாலும் கடைசி எழுத்து வரை படிக்கிற புத்தி. தட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தையும் படித்தேன். பாட்டின் தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில், எழுதியவர் பெயர். நான்கில் மூன்றுக்கு அர்தி பெயர்தான் இருந்தது. "அண்ணே, பாடுகிறவங்களே எழுதினதா?" என்று கேட்டேன். "ஆமாண்டா, அதுக்கென்ன இப்போ? பாட்டைக் கேளு" என்றார். அதற்கென்ன என்பதை அறுபது வருடம் கழித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அர்தி 1944 ஜனவரி 17-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரீசில் பிறந்தவர். அப்பாவுக்கு வேறு குடும்பம் இருந்தது. எப்போதாவது வந்துபோகிற மனிதர். கணக்கு எழுதும் வேலைக்குப் போய் இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர் அம்மா. பக்கலோரெயா தேறியதற்குப் பரிசாகப் பெண் கேட்டு வாங்கியது ஒரு கிட்டார். இரண்டு மூன்று சுருதிக் கட்டுகளைத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டு பாட்டுக் கட்டத் தொடங்கினார். 1961 கடைசியில் வோக் கம்பெனியில் ஒப்பந்தம் ஆனது. அப்போது வயது பதினேழு.

கம்பெனி நம்பியது தட்டிலிருந்த நான்காவது பாட்டை. அது ஓர் அமெரிக்கப் பாட்டின் பிரெஞ்சு வடிவம், அவர் எழுதியதல்ல. கம்பெனிக்காரர்கள் அதைத்தான் முன்னால் தள்ளினார்கள். ஜனங்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள்: 'து லே கர்சோன் ஏ லே ஃபீய்', அதாவது 'எல்லாப் பையன்களும் பெண்களும்'. சொற்கள் முழுக்க அவருடையவை. மெட்டில் மட்டும் ரொஜே சாமின் பெயரும் சேர்ந்திருக்கும். 1962 அக்டோபர் 28-ஆம் தேதி, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது பற்றி தெகோல் வைத்த பொதுவாக்கெடுப்பின் முடிவுக்காக நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. இடைவேளையை நிரப்ப இந்தப் பெண்ணைப் பாட விட்டார்கள். மறுநாள் பிரான்சு முழுக்க அந்தப் பாட்டு. எங்கள் ஊர் கைமாறி இரண்டு மாதம் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

பாட்டில் என்ன இருக்கிறது? தன் வயதுப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத் தெருவில் போகிறார்கள். இவள் தனியாகப் போகிறாள். இவளை யாரும் காதலிக்கவில்லை. நமக்கும் ஒரு நாள் வருமா என்று கேட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான். உவமை கிடையாது. நிலா கிடையாது. பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. லிசேயில் ரசீனையும் விக்தோர் உய்கோவையும் மனப்பாடம் செய்து திணறிக்கொண்டிருந்த எனக்கு, இந்த மொழியில் இப்படியும் பேசலாமா என்று இருந்தது. பிரெஞ்சு அன்றுவரை எனக்குப் பரீட்சை மொழி.

இங்கேதான் என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் நாங்கள் சேர்ந்து பெத்தாங் ஆடுவோம். அவருக்கு பிரெஞ்சுப் பாட்டு என்றால் பிராசான்ஸ், பிரெல் இரண்டே பேர்தான். "பிராசான்ஸுக்கு 1967-இல் பிரெஞ்சு அகாதெமி கவிதைப் பரிசே கொடுத்தது. உங்க அம்மா யே-யே கோஷ்டி. சும்மா மூக்கால் அழுகிற பாட்டு. எல்லாம் ஒரே பாட்டு" என்பார், இரும்புக் குண்டைத் துடைத்துக்கொண்டே.

யே-யே என்பது அக்காலத்து இளைஞர் பாட்டுக்கு விழுந்த பெயர். ஆங்கிலப் பாட்டில் வரும் 'யெ யெ' என்ற கூச்சலிலிருந்து வந்தது. 1963-இல் 'லெ மோந்த்' பத்திரிகையில் எத்கார் மோரேன் என்ற சமூகவியலாளர் அந்தச் சொல்லை எடுத்துப் பயன்படுத்த, அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் கோஷ்டியில் ஆட்டம் போட்டவர்கள் நிறைய. அர்தி ஆடவில்லை. அசையாமல் நின்று பாடினார். மேடை என்றால் அவருக்குப் பயம். 1968-லேயே கச்சேரிகளை நிறுத்திவிட்டார். முகத்தைக் காட்டிப் பிழைக்கிறவர் செய்கிற காரியமா இது?

பதக்கத்துக்குப் பதக்கம் வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் நண்பருக்காகச் சொல்கிறேன். அதே அகாதெமி 2006-இல் அர்திக்குப் பிரெஞ்சுப் பாட்டுக்கான பெரும் பதக்கத்தைக் கொடுத்தது. இன்னொன்றும் சொல்கிறேன். அரகோனின் கவிதைக்கு பிராசான்ஸ் போட்ட மெட்டை அர்தியே 1967-ஆம் ஆண்டு இசைத்தட்டில் பாடியிருக்கிறார். அவருக்கு பிராசான்ஸோடு சண்டை ஒன்றுமில்லை. சண்டை நம் வாத்தியாருக்குத்தான்.

பிராசான்ஸ் பெரிய ஆள், நான் மறுக்கவில்லை. ஆனால் எளிய சொல்லில் எழுதினால் அது சுலபமாக வந்தது என்று நினைப்பவர்கள் ஒருபோதும் டிராஃப்ட் எழுதிப் பழகாதவர்கள். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியவன் சொல்கிறேன். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று தொடங்கி ஒரு பக்கத்தை நிரப்புவதற்கு மூளையே வேண்டாம், கை தானாக எழுதும். ஒரு மனிதனுக்கு ஒரு விஷயம் ஒரே தடவையில் புரிகிற மாதிரி நான்கு வரி எழுதுங்கள் பார்ப்போம். வேர்த்துவிடும்.

'எல்லாம் ஒரே பாட்டு' என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் இருக்கிறது. 1971-இல் தூக்கா என்ற பிரேசில் நாட்டுப் பெண்ணோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு செய்தார். 'லா கெஸ்தியோன்' என்று பெயர். 'கேள்வி' என்று பொருள். கிட்டாரும் கொஞ்சம் தந்தி வாத்தியங்களும்தான். தாளக்கட்டு ஏறக்குறைய இல்லை. ஒருவனை விட்டுப் போகவும் முடியாமல், அவன் யார் என்று புரிந்துகொள்ளவும் முடியாமல் நிற்கிற பெண் பேசுகிறாள். பதினெட்டு வயதில் தெருவில் தனியாக நடந்தவளுக்கு இப்போது துணை கிடைத்துவிட்டது, தனிமை மட்டும் போகவில்லை. அந்தத் தட்டு அப்போது விற்கவில்லை. இன்று விவரம் தெரிந்தவர்கள் அவருடைய சிறந்த தட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார் என்பது உண்மைதான். ஒரே கிணற்றை ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனவரைப் பார்த்து, ஏன் ஊரெல்லாம் குழி வெட்டவில்லை என்று கேட்பார்களா?

எதிர்க்கட்சிக்கு நியாயமாக ஒன்றை நானே சொல்லியாக வேண்டும். அவர் பாடிப் பேர் வாங்கிய பாட்டு எல்லாம் அவர் எழுதியதல்ல. 'மோன் அமி லா ரோஸ்' செசில் கோலியே என்ற பெண் எழுதியது. 'கோமான் த தீர் அதியோ' ஓர் ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்கு செர்ழ் கேன்ஸ்பூர் எழுதிய சொற்கள். 1973-இல் வந்த 'மெசாழ் பெர்சொனெல்' பாதிப் பாதி. பாடுகிற பகுதி மிஷேல் பெர்ழே எழுதியது, தொடக்கத்தில் தொலைபேசியில் பேசுவதுபோல வரும் பேச்சு அர்தி எழுதியது. கேட்டுப் பாருங்கள், ஐம்பது வருடமாக ஜனங்கள் அந்தப் பேச்சுக்காகத்தான் அதைத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது என் கட்சி. கோலியேயின் பெயரும் கேன்ஸ்பூரின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்கிறவன், அர்தியின் பெயரும் சொல்லப்பட வேண்டும் என்று கேட்க உரிமை உள்ளவன். பிறருக்கும் அவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். 1990-இல் ழுலியேன் கிளெர் பாடிய 'ஃபே முவா யுன் ப்ளாஸ்' கேட்டு உருகியவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொற்கள் அர்தியுடையவை என்று தெரியும்?

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் சொல்கிறேன். எழுதக் கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் யு.டி.சி.யாக இருந்த பிரிவுக்குக் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பங்கள் வரும். கணவனை இழந்த பெண்கள், பலருக்குப் படிக்கத் தெரியாது. ஏதாவது ஒரு காகிதம் குறையும். நாங்கள் ஆங்கிலத்தில் ஒரு நீளமான கடிதம் அனுப்புவோம். அதை யாரிடமாவது கொடுத்துப் படித்துக் கேட்டு, மறுபடி வேறொரு காகிதம் இல்லாமல் வருவார்கள். எங்கள் பிரிவில் ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். அந்தக் கடிதத்தை அடித்து அடித்துச் சலித்துப்போய், ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். என்னென்ன காகிதம் வேண்டும், எது எந்த அலுவலகத்தில் கிடைக்கும், முதலில் எங்கே போவது, பிறகு எங்கே போவது. பதினோரு வரி. "சார், இதைக் கூட வச்சு அனுப்பினா அலையமாட்டாங்க இல்ல?" என்றார்.

நான் இரண்டு சொல்லை மாற்றினேன். ஓரத்தில் என் இனிஷியலைப் போட்டு மேலே அனுப்பினேன். அதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அதை சைக்ளோஸ்டைல் எடுத்து வருடக்கணக்கில் பயன்படுத்தினோம். பெண்கள் அலைவது குறைந்தது, அது உண்மை. 2008-இல் என் பணி ஓய்வுக் கூட்டத்தில் மாலை போட்டுப் பேசியவர்கள் மூன்று பேர் அந்தப் பதினோரு வரியைச் சொன்னார்கள். 'சார் எழுதின அந்தக் கடிதம்' என்றார்கள். நான் கையைக் கூப்பினேன். அந்த அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பேசியபோதெல்லாம் நாங்கள் சொன்னது 'நல்ல வேகம், தப்பில்லாமல் அடிப்பார்' என்பதுதான்.

ஆகவே இரங்கல் குறிப்பு எழுதியவர்களின் தப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தப்பு. கெட்ட எண்ணத்தில் செய்வதல்ல. ஒரு பெண் எளிமையாக ஒன்றை எழுதினால், அது எழுத்து என்றே கண்ணில் படுவதில்லை. அழகாக இருந்தால் அழகைச் சொல்கிறோம், வேகமாக அடித்தால் வேகத்தைச் சொல்கிறோம். டிலன் எழுதிய கவிதை செய்தியாகிறது. அந்தக் கவிதைக்குக் காரணமான பெண் அதற்கு முன்பே தன் பேனாவால் ஒரு நாட்டைக் கேட்க வைத்திருந்தாள் என்பது செய்தியாவதில்லை.

அர்திக்கு 2004-இல் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்த வருடமே 'தான் த பெல் ஷோஸ்' என்ற பாட்டு வந்தது. 'எத்தனையோ அழகான விஷயங்கள்' என்று பொருள். சொற்கள் அவருடையவை. தான் போன பிறகு இருக்கப்போகிறவரைத் தேற்றுகிற பாட்டு. அதிலும் அலங்காரம் கிடையாது. என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் எல்லோரும் ஊருக்குப் போன இரவு, அதை மூன்று தடவை கேட்டேன். விளக்குப் போடவில்லை. யாருடைய முகமும் எனக்குத் தேவைப்படவில்லை. அந்தச் சொற்கள் தேவைப்பட்டன.

அதற்குப் பிறகும் அவர் இருபது வருடம் நோயோடு இருந்து எழுதிக்கொண்டே இருந்தார். 2018-இல் கடைசித் தட்டு. 2023 டிசம்பரில், வலி தாங்காதவர்களுக்கு விடுதலை கொடுங்கள் என்று குடியரசுத் தலைவர் மக்ரோனுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம். அதில் அவர் கேட்டதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். எனக்கே முடிவு இல்லை. ஆனால் பாட முடியாமல் போன பிறகும் அவர் கையில் இருந்தது பேனா.

மகளுக்கு இப்போது பதில் சொல்லலாம். அந்தப் 'பாட்டி', பரீட்சைக்குப் படித்த ஒரு மொழியை எனக்குப் பேச்சாக மாற்றிக்கொடுத்தவர், அம்மா. துக்கம் வராதா?

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்னவற்றில் முதல் பாட்டையும், 'லா கெஸ்தியோன்' பாட்டையும், கடைசியாகச் சொன்னதையும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் பொருள் தேடித் தருவார்கள். படத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு, பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எந்தப் பாட்டானாலும், தமிழ்ப் பாட்டானாலும் பாருங்கள்.

இதை எழுதுவதற்கு முன் அந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியோடு இருக்கிறார். நடந்ததைச் சொல்லி, உங்கள் பெயரைப் போட்டு எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. "அதெல்லாம் எதுக்கு சார் இப்போ? வேண்டாம்" என்றார். சரி என்று வைக்கப்போனேன்.

"சார், நீங்க மாத்தின ரெண்டு வார்த்தை, அது முன்னாடி இருந்ததுதான் நல்லா இருந்தது" என்றார்.